நிழலில் வளரும் ஜப்பானியத் தேநீர்: இனிமையும் வீரியமும்

கிரீன் டீ காபியைவிட மென்மையானது, எவ்வளவு குடித்தாலும் தீங்கில்லை என்ற எண்ணம், உணவியல் ஆலோசனைக்காக என்னிடம் வருபவர்களில் பலருக்கு ஆழப் பதிந்திருக்கிறது. வெயிலில் வளரும் சென்சா என்னும் ஜப்பானிய கிரீன் டீயைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை உண்டு. கியோகுரோ, மட்சா போன்ற நிழலில் வளர்க்கப்படும் ஜப்பானியத் தேயிலைகளுக்கு அது பொருந்தாது. நாவில் படும் இனிமையை வைத்து இவற்றின் வீரியத்தை எடைபோடக் கூடாது என்பதைத்தான் அவர்களிடம் முதலில் சொல்கிறேன்.

அந்த இனிமை தோட்டத்திலேயே உருவாகிறது. கியோட்டோவின் உஜியிலும் ஃபுகுவோக்காவின் யாமேயிலும், வசந்தகாலத்தில் முதல் கொழுந்து விரியத் தொடங்கியதும், செடிகளுக்கு மேல் பந்தலிட்டு ஏறத்தாழ 20 நாட்கள் வெயிலை மறைக்கிறார்கள். நாணல் தட்டிகளைப் பரப்பி, அவற்றின்மேல் வைக்கோலைத் தூவுவது பழைய முறை. பெரும்பாலான தோட்டங்களில் இன்று கறுப்புத் துணி அந்த இடத்தைப் பிடித்துவிட்டாலும், வைக்கோலைக் கைவிடாத விவசாயிகள் இன்னும் இருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தரும் செய்தி. செடியின் வேரில் உருவாகும் தியானைன் என்னும் அமினோ அமிலம் இலைக்கு ஏறி, வெயில் பட்டால் துவர்ப்புத் தரும் கேட்டகின்களாக மாறுகிறது. வெயிலை மறைக்கும்போது அந்த மாற்றம் குறைந்து, தியானைன் இலையிலேயே தங்கிவிடுகிறது; குறைந்த ஒளியை ஈடுகட்டச் செடி பச்சையத்தையும் பெருக்கிக்கொள்கிறது. கரும்பச்சை நிறமும், ஜப்பானியர் உமாமி என்று சொல்லும் சுவையும் இப்படி வருபவையே. ஆனால் உறக்கத்தை விரட்டும் கஃபீனை நிழல் குறைப்பதில்லை. ஜப்பானிய அரசின் உணவுச்சத்து அட்டவணைப்படி, 100 மில்லிலிட்டர் காபியில் 60 மில்லிகிராம், சென்சாவில் 20 மில்லிகிராம் கஃபீன் இருக்க, கெட்டியாக வடித்த கியோகுரோவில் அது 160 மில்லிகிராம்.

ஆகவேதான் ஜப்பானில் கியோகுரோவைச் சிறு கிண்ணத்தில் சில மிடறுகளாக மட்டும் பருகுகிறார்கள். 30 மில்லிலிட்டரில் கிடைப்பது ஏறத்தாழ 50 மில்லிகிராம் கஃபீன்தான். அதே கெட்டியில் பெரிய குவளை நிறையக் குடித்துவிட்டு, இரவில் உறக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று வருந்துவதில் பயனில்லை. முற்பகலில் ஒரு முறை பருகினால் போதும்.

தயாரிக்கும்போது கொதிநீரை நேரடியாக ஊற்றுவதே பெரும்பாலானோர் செய்யும் பிழை. கேட்டகினும் கஃபீனும் சூடான நீரில் வேகமாக இறங்குகின்றன. தியானைன் மிதமான சூட்டிலேயே நன்றாகக் கரைகிறது. எனவே கொதித்த நீரைப் பாத்திரம் மாற்றி மாற்றி ஆற்றி, 50 முதல் 60 டிகிரிக்குக் கொண்டுவந்து, இருவருக்கு 10 கிராம் இலைக்கு 60 மில்லிலிட்டர் என்ற அளவில் ஊற்றி, கலக்காமல் இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேல் காத்திருந்து, கடைசிச் சொட்டுவரை வடிக்க வேண்டும். அந்தக் கடைசிச் சொட்டுகளில்தான் சுவை செறிந்திருக்கும். அதே இலையில் சற்றுக் கூடுதல் சூட்டில் இன்னும் இரண்டு முறை வடிக்கலாம். சர்க்கரையோ தேனோ தேவைப்பட்டால், நீர் அதிகச் சூடாக இருந்தது என்று பொருள்.

சிலர் கவனமாக இருக்க வேண்டும். தேநீரின் கேட்டகின்கள் கீரை, பயறு போன்றவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைத் தடுப்பதால், இரத்தசோகை உள்ளவர்கள் உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். கருவுற்ற பெண்கள், காபி உட்பட அனைத்தையும் சேர்த்து, ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் கஃபீனைத் தாண்டக் கூடாது. மட்சாவில் இலையே பொடியாக வயிற்றுக்குள் போகிறது. அதிலுள்ள வைட்டமின் கே, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தின் வேலையைக் குறைக்கக்கூடும் என்பதால், அம்மருந்தை உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மட்சாவைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். வடித்து முடித்த மென்மையான கியோகுரோ இலையில் சில துளி சோயா சாஸ் விட்டு உண்பது ஜப்பானியர் வழக்கம். மிகச் சுவையான அந்தப் பழக்கத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.