சின்னமா, குறியீடா?

போன மாதமும் அதே வசனம் காதில் விழுந்தது: "சிறகு இங்கே விடுதலையின் சின்னம்." திருகோணமலையில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிக் கதை வாசிக்கிறோம். அன்று எடுத்தது கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1968இல் எழுதிய கதை, பெரிய சிறகுகளோடு சேற்றில் வந்து விழுந்து கோழிக்கூட்டில் அடைபடும் கிழவரைப் பற்றியது. கதையைப் பற்றிப் பேசிய நண்பர் நாலைந்து தரம் 'சின்னம்' என்றார். பக்கத்தில் இருந்த உயர்தர மாணவி அதைக் கொப்பியில் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தாள். சிறகு விடுதலையின் சின்னம். நண்டு தீமையின் சின்னம். கோழிக்கூடு அடிமைத்தனத்தின் சின்னம். அதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

அவர்கள் சின்னம் என்று சொன்னது ஆங்கிலத்தின் 'சிம்பல்'. அந்தச் சொல் கிரேக்கத்தின் 'சும்போலொன்' வழியாக வந்தது. சேர்த்து வைப்பது என்பது அதன் வேர்ப்பொருள். ஒரு பொருளை இரண்டாக உடைத்து ஆளுக்கொரு பாதியாக வைத்துக்கொள்வார்கள். பிறகு சந்திக்கும்போது இரண்டு பாதியும் பொருந்தினால் இன்னார் என்று தெரிந்துவிடும். தமிழில் அதற்குக் 'குறியீடு' என்ற சொல் நெடுநாளாக வழங்குகிறது. குறி, இடு இரண்டும் சேர்ந்தது. கெடு 'கேடு' ஆனது போல இடு 'ஈடு' ஆனது.

இந்தச் சொல் கையில் இருக்கும்போது எதற்குச் சின்னம்? அது வடசொல் என்பதற்காக நான் ஒதுக்கவில்லை. மார்க்கேஸின் எழுத்து வகையை மாய யதார்த்தம் என்று சொல்லும்போது யதார்த்தமும் வடசொல்தானே. என் முறைப்பாடு வேறு. சின்னம் என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவு வருவது வாக்குச்சீட்டு. வீடு என்றால் தமிழரசு, சைக்கிள் என்றால் தமிழ்க் காங்கிரஸ், யானை என்றால் ஐக்கிய தேசியக் கட்சி. சின்னத்துக்கு நேரே புள்ளடி போட்டுவிட்டு வந்துவிடலாம். அந்த யானைக்குப் பசி இல்லை, அந்த வீட்டுக்குள் ஆட்கள் இல்லை. யாருடையது என்று தெரிந்த நிமிடத்தோடு படத்தின் வேலை முடிந்தது. அப்படி முடியத்தான் வேண்டும்; ஒரு யானைக்கு இரண்டு பொருள் இருந்தால் தேர்தல் நடத்த முடியாது. நினைவுச் சின்னம், அரச சின்னம் எல்லாம் இதே வகைதான். யாரோ முன்கூட்டியே முடிவு செய்திருப்பார்கள், நாம் அறிந்துகொண்டால் போதும்.

அந்தப் பழக்கத்தோடு கதைக்குள் வருகிறவர் 'இது எதன் சின்னம்' என்று கேட்கிறார், விடை கிடைத்ததும் பொருளைத் தூக்கிப் போட்டுவிடுகிறார். மார்க்கேஸ் அந்தச் சிறகை எப்படி எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். அழுக்குப் பிடித்த, பாதி இறகு உதிர்ந்த, பிணந்தின்னிக் கழுகினுடையது போன்ற சிறகு. கூட்டில் இருக்கும் கோழிகள் அதில் உள்ள பூச்சிகளைக் கொத்தித் தின்கின்றன. 'விடுதலையின் சின்னம்' என்று எழுதியவருக்கு இந்தப் பூச்சி எங்கே போனது?

அகராதியில் இன்னொரு சின்னமும் உண்டு. 'அறுபட்ட துண்டு' என்று பொருள். சின்னாபின்னம் என்பதில் இருப்பது அதுதான். கிரேக்கரின் உடைந்த பாதிக்கு அதுதான் நெருக்கம். ஆனால் அந்தப் பொருளில் தனியாக அந்தச் சொல்லை இன்று யாரும் வழங்குவதில்லை.

சரி, குறியீட்டில் மட்டும் அந்த ஆபத்து இல்லையா என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. தபால் குறியீடு 31000 என்றால் திருகோணமலைதான், வேறு பொருள் இல்லை. நன்னூல் சொல்லும் இடுகுறியும் முன்னோர் இட்டு வைத்த பெயர்தான். மாட்டுக்குக் குறி சுடுகிறோமே, அதுவும் யாருடைய மாடு என்பதற்காகத்தான். ஆனால் குறிக்குத் தமிழில் இன்னொரு வாழ்வு இருக்கிறது. அகத்திணையில் பகற்குறி, இரவுக்குறி என்று வருமே, அங்கே குறி என்பது தலைவனும் தலைவியும் வந்து சேரப் பேசி வைத்த இடம். ஒருவர் வந்தால் மட்டும் போதாது, மற்றவரும் வந்தால்தான் அது குறி. இரண்டு பாதி பொருந்துகிற கதை நம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எனக்கு இதைவிடப் பொருத்தமான சொல் தெரியாது.

கபிலரின் குறுந்தொகை 25ஆம் பாட்டையும் அன்று எடுத்துச் சொன்னேன். அவன் என்னைக் கூடிய நாளில் சாட்சிக்கு யாரும் இல்லை, குருகுதான் நின்றது என்கிறாள் தலைவி. 'தினைத்தாள் அன்ன சிறுபசுங்கால' குருகு, ஓடும் நீரில் ஆரல் மீனையே பார்த்துக்கொண்டு நின்றது. தம்பலகாமத்து வயலில் கொக்கு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கால் உடனே தெரியும். அந்தக் குருகு எதன் சின்னம்? கண் இருந்தும் காணாத சாட்சியா, இரை தேடும் தலைவனா? எதைச் சொன்னாலும் குருகு குருகாகவே நிற்கிறது, கால் நனைந்தபடி. தொல்காப்பியர் இந்த வகைக்கு உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் பெயர் வைத்தார். இறைச்சியை இனிக் கடையிலிருந்து மீட்க முடியாது. உள்ளுறை அகப்பாட்டின் மரபோடு கட்டுண்டது. ஆகவே குறியீடே இருக்கட்டும்.

உருவகம், படிமம் இரண்டும் வேறு வேலைக்கு. 'முகத்தாமரை' உருவகம், கண்முன் நிற்கும் காட்சி படிமம். அவற்றையும் இதோடு குழப்புகிறார்கள். 'மாந்திரீக யதார்த்தம்' என்று எழுதுகிறவர்களுக்கும் ஒரு சொல். 1925இல் பிரான்ஸ் ரோ என்ற ஜெர்மன் விமர்சகர் ஓவியத்துக்கு இந்தப் பெயரைப் பயன்படுத்தினார், பிறகு அது கதைக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் மாந்திரீகம் என்றால் செய்வினை, சூனியம், கழிப்பு. மார்க்கேஸின் கதையில் யாரும் யாருக்கும் செய்வினை வைக்கவில்லை. மாய யதார்த்தம் போதும்.

அந்தக் கதையிலேயே சின்னம் தேடுகிறவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். பாதிரியார் கிழவரிடம் லத்தீனில் பேசிப் பார்க்கிறார். பதில் சரியாக இல்லை என்றதும் இவர் தேவதூதரா என்று சந்தேகப்படுகிறார். பக்கத்து வீட்டுப் பெண் பார்த்ததுமே தேவதூதர் என்று தீர்த்துவிடுகிறாள். வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஐந்து காசு வாங்கிக்கொண்டு வேடிக்கை காட்டுகிறார்கள், அந்தப் பணத்தில் மாடி வீடு கட்டுகிறார்கள். நண்டு வராமல் வலை, தேவதூதர் வராமல் சன்னலுக்கு இரும்புக் கம்பி. கிழவர் யார் என்று கடைசிவரை ஒருவருக்கும் தெரியாது.

எனக்கு அந்தக் கோழிக்கூடு 1990இல் நாங்கள் இருந்த முகாம். அதற்கு முன் அது பள்ளிக்கூடம். கம்பி வேலிக்கு வெளியே நின்று ஆட்கள் எங்களைப் பார்த்துவிட்டுப் போவார்கள், சிலர் சாப்பாடும் கொண்டுவருவார்கள். எங்களுக்கு விளங்காத மொழியில் கேள்வி கேட்டார்கள். அம்மா தமிழில் பதில் சொன்னாள், அது அவர்களுக்கு விளங்கவில்லை. பாதிரியாரின் லத்தீனை வாசித்தபோது எனக்கு அம்மாவின் முகம் வந்தது. கொலம்பியாக்காரருக்கு எங்கள் முகாமைத் தெரிந்திருக்க வழியில்லை. அவர் தன் பாதியை அங்கே வைத்துவிட்டுப் போனார், என் பாதி என்னிடம் இருந்தது. கோழிக்கூடு முகாமின் சின்னம் என்று நான் எழுதினால் அது பொய். என் வாசிப்பு மற்ற எவரையும் கட்டுப்படுத்தாது.

இதைச் சொல்லி முடித்ததும் அந்த மாணவி கொப்பியில் 'சின்னம்' என்று இருந்த மூன்று இடத்தையும் வெட்டினாள். சிறகு, நண்டு, கோழிக்கூடு என்பவை மட்டும் மிஞ்சின. மாரி மழைக்குத் தன் வீட்டு முற்றத்திலும் நண்டு ஏறும் என்றாள். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.