வராத ஜூஸும் மண்டைக்குள்ள ஒரு கடிவாளமும்

போன ஞாயிறு மஞ்சக்குப்பத்துல தங்கச்சி வீட்டுக்கு சாப்பிட போயிருந்தேன். அவ பொண்ணு ப்ளஸ் டூ. ரெண்டு வருஷமா ஒரே ஒரு காலேஜ் பேர ஜபம் மாதிரி சொல்லிட்டு இருந்தா, பேரு எதுக்கு, லட்சக்கணக்குல பசங்க எழுதி கொஞ்சம் பேரு மட்டும் உள்ள போற இடங்கள்ல ஒண்ணுன்னு வச்சிக்கோங்க. முந்தின நாள் அப்பாவோட பஸ் ஏறி போய் அத நேர்ல பாத்துட்டு வந்திருக்கா. வந்ததுலேருந்து மூஞ்சி உம்முனு இருக்கு. நல்லா இல்லியாடீன்னு கேட்டேன்.

"நல்லாதான் மாமா இருந்துச்சு. மரமெல்லாம் இருக்கு, லைப்ரரி பெருசா இருக்கு. ஆனா கேன்டீன்ல உக்காந்திருந்த அண்ணனுங்க எல்லாம் எந்த கம்பெனி வருது, பேக்கேஜ் எவ்ளோன்னு தான் பேசிட்டு இருந்தாங்க. ஃபேன் கூட எங்க ஸ்கூல் ஃபேன் மாதிரியே டக்கு டக்குன்னு சுத்துது. கெட்டது ஒண்ணும் நடக்கல, அப்புறம் ஏன் எனக்கு அழுக அழுகயா வந்துச்சு?"

தங்கச்சி அடுப்படிலேருந்தே, "சனிக்கிழம ஒம்பதரைக்கு ராகு காலத்துல கிளம்புனா அப்படித்தான் இருக்கும்"னா. சனிக்கிழம ஒம்பதுலேருந்து பத்தரை வரைக்கும் எல்லா ஊருக்கும் தானே ராகு காலம், அன்னிக்கு கடலூர்லேருந்து கிளம்புன பஸ்ல எல்லாரும் அழுதுட்டேவா வந்தாங்க? இத கேட்டதுக்கு எனக்கு மீன் குழம்புல தலை தான் விழுந்துச்சு, அது வேற கதை.

ஆனா பொண்ணு கேட்டது நெஜமாவே நல்ல கேள்வி. ஒண்ணும் நடக்காததுக்கு ஏன் வலிக்கணும்?

டோபமைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. வாட்ஸ்அப்ல அத "சந்தோஷ ஹார்மோன்"னு சொல்லிட்டு திரியறாங்க, அத அப்படியே நம்பாதீங்க. நடு மூளைல கொஞ்சூண்டு செல்லுங்க இருக்கு, அதுங்க தான் இத சுரக்குது. சும்மா இருக்கும்போதும் அதுங்க செகண்டுக்கு மூணு நாலு அஞ்சு தடவ டிக் டிக்னு மெதுவா துடிச்சிட்டே இருக்கும். சுவிட்சர்லாந்துல வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ்னு ஒருத்தர் குரங்கோட மூளைல மெல்லிசு கம்பி வச்சு ஒவ்வொரு செல்லா ஒட்டுக்கேட்டாரு. அவர் தேடுனது என்னமோ உடம்பு அசைவ, ஏன்னா பார்க்கின்சன் நோய்ல இந்த செல்லுங்க தான் சாகுது. அசைவுக்கு பெருசா ஒண்ணும் சிக்கல, குரங்குக்கு கொடுக்கற ஜூஸுக்கு தான் செல்லு படபடன்னு துடிச்சிச்சு.

இங்கதான் எனக்கு ரொம்ப புடிச்ச இடம் வருது. சொல்லாம கொள்ளாம ஒரு சொட்டு ஜூஸ் வந்தா செல்லு படபடங்குது, சரி. இப்ப ஒரு லைட்ட போட்டுட்டு, கொஞ்சம் நேரம் விட்டு ஜூஸ் கொடுக்கறாங்க. திரும்பத் திரும்ப இதேதான். குரங்கு பழகிடுது. பழகுனப்புறம் பாத்தா படபடப்பு லைட்டுக்கு போயிடுச்சு, ஜூஸ் வரும்போது ஒண்ணுமே இல்ல! அதே ஜூஸ், அதே இனிப்பு, செல்லு பாட்டுக்கு பழைய டிக் டிக்லயே இருக்கு. வரும்னு தெரிஞ்சது வந்திருக்கு, அதுல நியூஸ் என்ன இருக்கு?

இன்னொண்ணும் பண்ணாங்க. லைட்ட போட்டாங்க, ஜூஸ் கொடுக்கல. லைட்டுக்கு படபடப்பு வந்துச்சு, அப்புறம் வழக்கமா ஜூஸ் வர்ற அந்த நேரம் வந்துச்சு பாருங்க, வெளிய சத்தம் இல்ல, வெளிச்சம் இல்ல, எதுவுமே நடக்கல, ஆனா கரெக்டா அந்த கணத்துல செல்லு கப்சிப். டிக் டிக் நின்னுடுது. கொஞ்சம் நேரம் கழிச்சு தான் திரும்ப ஆரம்பிக்குது. அதாவது உள்ள ஒரு கடிகாரம் ஓடுது, "இப்ப வரணும், வரல"ன்னு அது குறிச்சுக்குது. வராததும் மூளைக்கு ஒரு சம்பவம் தான். இத மொத தடவ படிச்சப்ப நான் ஆல்பேட்டை ஸ்டாப்புல பாண்டி பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தேன், படிச்சிட்டு இருந்ததுல பஸ்ஸயே விட்டுட்டேன்.

கணக்கா சொன்னா, கிடைச்சது கழித்தல் எதிர்பார்த்தது. மிச்சம் ப்ளஸ்னா படபடப்பு, பூஜ்யம்னா அமைதி, மைனஸ்னா மௌனம். இதே கழித்தல 1980கள்லயே ரிச்சர்ட் சட்டன், ஆண்ட்ரூ பார்ட்டோன்னு ரெண்டு பேரு கம்ப்யூட்டருக்கு பாடம் சொல்லித்தர்றதுக்காக எழுதி வச்சிருந்தாங்க, குரங்க பத்தி யோசிக்கல. ரெண்டும் ஒண்ணுதான்னு 1997ல டயான், மான்டேக் ரெண்டு பேரும் ஷுல்ட்ஸோட சேந்து எழுதுன கட்டுரை தான் இந்தத் துறையவே திருப்பிப் போட்டுச்சு. குரங்குக்கு ஜூஸ் கொடுக்கறதுக்கு எதுக்குய்யா ஃபண்டுன்னு நம்ம ஊர்ல கேட்டிருப்பாங்க. நாட்டு வருமானத்துல ஒரு பர்சென்ட் கூட ஆராய்ச்சிக்கு செலவு பண்ணாத நாம, கேட்டுட்டு ஃபைல மூடியும் வச்சிருப்போம். சரி, பொலம்பல் போதும்.

இதுல ஒரு சின்ன சிக்கல் இருக்கு. சந்தோஷம்னா செல்லு அஞ்சுலேருந்து இருவது வரைக்கும் கூட ஏறலாம். ஏமாத்தம்னா அஞ்சுலேருந்து எங்க எறங்கும்? பூஜ்யத்துக்கு கீழ போக முடியாதே. அப்ப சின்ன ஏமாத்தத்தையும் பெரிய ஏமாத்தத்தையும் எப்படி பிரிச்சு சொல்லும்? 2007ல கண்டுபிடிச்சாங்க, மௌனத்தோட நீளத்த வச்சு. ஏமாத்தம் பெருசுன்னா மௌனமும் நீளம். கோவத்துல இருக்கற எங்க அப்பா மாதிரி.

சரி, "நிறுத்து"ன்னு சொல்றது யாரு? அதே 2007ல ஜப்பான்காரங்களான மட்சுமோட்டோவும் ஹிகோசாகாவும் காமிச்சாங்க, ஹபெனுலான்னு ஒரு குட்டி முடிச்சு இருக்கு, அதோட வெளிப்பக்க செல்லுங்க ஜூஸ் வராதப்ப தான் கத்தும். அது கத்துனா டோபமைன் செல்லு அடங்கும். லத்தீன்ல அந்த பேருக்கு சின்ன வார், சின்ன கடிவாளம்னு அர்த்தம், யாரு வச்சாங்களோ நல்லா இருக்கட்டும். அது இருக்கறது பீனியல் சுரப்பிக்கு பக்கத்துல. நெத்திக்கண்ணு அங்கதான் இருக்குன்னு யூட்யூப்ல ஒருத்தர் கோர்ஸே விக்கிறாரு. நெத்திக்கண்ண விடுங்க, பக்கத்து வீட்ல ஏமாத்தத்துக்குன்னே தனியா ஒரு ஆள் உக்காந்திருக்கறது அவருக்கு தெரியல.

இப்ப நம்ம பொண்ணுக்கு வருவோம். ரெண்டு வருஷமா ட்ரோன் ஷாட்டு, ரீல்ஸு, டியூஷன் சார் வாயால பெருமை, ஒவ்வொண்ணும் ஒரு லைட்டு. ஒவ்வொரு லைட்டுக்கும் படபடப்பு வந்திருக்கும். பண்ருட்டி பக்கம் பஸ் திரும்பும்போதே பலாப்பழ வாசன வந்துடும்ல, ஜன்னல் பக்கம் உக்காந்து பாதி பழத்த மூக்காலயே தின்னுருவோம், அந்த மாதிரி அந்த காலேஜோட சந்தோஷத்த அவ ஃபோன்லயே வாங்கி முடிச்சிட்டா. காலேஜ் அவ நெனச்ச அளவுக்கே அச்சு அசலா இருந்திருந்தா கூட மிச்சம் பூஜ்யம் தான் வந்திருக்கும். கொஞ்சம் கொறஞ்சா மைனஸ். அந்த ஃபேன் மேல தப்பு இல்ல, அவ ஸ்கூல்ல அதே ஃபேன் சுத்துனா யாருக்கு அழுக வருது?

குரங்கு செல்லுல பாத்தத அப்படியே மனுஷன் மனசுக்கு தூக்கி ஒட்டிட முடியாது தான், ஒத்துக்கறேன். ஆனா 2014ல லண்டன்ல ரட்லெட்ஜ்னு ஒருத்தரோட குழு ஒரு ஃபோன் கேம வச்சு 18,000 பேருக்கு மேல சோதிச்சு பாத்தாங்க. எவ்ளோ ஜெயிச்சாங்கங்கறத விட, எதிர்பார்த்தத விட எவ்ளோ கூட வந்துச்சுங்கறதுதான் அந்த நேரத்து சந்தோஷத்த தீர்மானிச்சுச்சு. பழைய ஆட்டத்தோட பாதிப்பு அடுத்தடுத்த ஆட்டத்துல கொறஞ்சிட்டே போச்சு.

இதெல்லாம் சாப்பாட்டு தட்டு காயற வரைக்கும் அவகிட்ட சொல்லிட்டு இருந்தேன். ஹபெனுலா மனுஷனுக்கு மட்டும் இல்ல, மீனுக்கும் இருக்குன்னு சொன்னதும் தான் நிமிந்தா. என் தட்டுல இருந்த சங்கரா தலைய பாத்தா. "அப்போ தூண்டில்ல புழு இல்லன்னா இதுவும் ஃபீல் பண்ணியிருக்குமா மாமா?"

தங்கச்சி இன்னொரு துண்டு எடுத்து அவ தட்டுல வச்சா. இந்த தடவ நடுத்துண்டு.