கள்ளக்கடல்: சொல்லும் அதன் அலையியலும்

காற்று ஓய்ந்து, வானம் தெளிந்து, புயற்குறி எதுவும் இல்லாத ஒரு நாளில் கடல் திடீரெனக் கரையேறி வீடுகளுக்குள் புகுவதைக் கன்னியாகுமரி மாவட்டத்து மேற்குக் கடலோர மீனவர்களும் கேரளத் தென்கரை மீனவர்களும் கள்ளக்கடல் என்கின்றனர். கள்ளம் என்பதன் ஈற்று மகரம் கெட்டு, ககரம் மிகுந்து கடலோடு புணர்ந்த சொல் இது. குளக்கரை, மரக்கிளை என்பவற்றின் அமைப்பே இதற்கும். கள்ளநோட்டு, கள்ளச்சாவி ஆகியவற்றில் கள்ளம் போலி என்று பொருள்படும். கள்ளக்கடலில் அது களவு, கள்வன் என்னும் சொற்களுக்கு நெருங்கிய பொருளிலேயே நிற்கிறது: வருவது தெரியாமல் வருதல்.

2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இச்சொல்லை அறிவியல் வழக்குக்கு ஏற்றது. அதன்பின் உலகக் கடலியல் ஆய்வுகளில் இது மொழிபெயர்க்கப்படாமல் இதே ஒலியோடு எழுதப்படுகிறது. செய்திகள் இதை மலையாளச் சொல் என்று சொல்லிவிடுவதுண்டு. ஆனால் கள்ளமும் கடலும் இரு மொழிக்கும் பொதுவானவை. 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும்வரை கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரோடும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. கேரள எல்லையிலுள்ள நீரோடிக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே கடலில் தொழில் செய்தவர்களின் சொற்களை எல்லைக்கோட்டால் பிரிக்க முடியாது. எனவே இதற்கு வேறு தமிழ் நிகரன் தேட வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

நிகரன் தேட வேண்டியது இதற்குக் காரணமான அலைக்குத்தான். ஆங்கிலத்தில் ஸ்வெல் எனப்படும் அவ்வலையை நம் செய்திகள் பேரலை, உயர் அலை, கடல் சீற்றம் என்று மாற்றி மாற்றி எழுதுகின்றன. மூன்றும் உயரத்தையோ வேகத்தையோ சுட்டுவன. அவ்வலையின் இயல்போ நீளத்தில் இருக்கிறது.

ஒரு முகடு நம்மைக் கடந்தபின் அடுத்த முகடு வந்துசேர எடுத்துக்கொள்ளும் நேரம் அலைவு நேரம்; இரண்டு முகடுகளுக்கு இடைப்பட்ட தொலைவு அலைநீளம். ஆழ்கடலில் முகடு செல்லும் வேகத்தை, வினாடியில் கூறப்படும் அலைவு நேரத்தை 1.56 ஆல் பெருக்கி, வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று பெறலாம். அந்த எண் தற்செயலானதன்று. புவியீர்ப்பு முடுக்கத்தை வட்டத்தின் பை (π) என்னும் மாறிலியின் இருமடங்கால் வகுத்தால் கிடைப்பது. இதன்படி நம் கரையருகே வீசும் காற்று எழுப்பும் 6 வினாடி அலையின் வேகம் வினாடிக்கு 9.4 மீட்டர், நீளம் ஏறத்தாழ 56 மீட்டர். 18 வினாடி அலையின் வேகம் வினாடிக்கு 28 மீட்டர், நீளமோ 505 மீட்டர். அலைவு நேரம் மும்மடங்காகும்போது அலைநீளம் ஒன்பது மடங்காவதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு மீட்டர் உயரமே உள்ள அலை அரைக் கிலோமீட்டர் நீளத்தில் பரந்து கிடந்தால் அதன் சரிவு கண்ணுக்குப் புலப்படாது. வள்ளத்தில் இருப்பவர் ஒன்பது வினாடிகளில் மெல்ல ஒரு மீட்டர் உயர்ந்து, அடுத்த ஒன்பது வினாடிகளில் மெல்ல இறங்குவார். கடல் அமைதியாக இருப்பதாகவே அவருக்குத் தோன்றும். கள்ளம் என்னும் அடைமொழிக்குரிய இயற்பியல் இதுதான்.

இவ்வலைகள் பிறக்குமிடம் இந்தியப் பெருங்கடலின் தென்கோடி. குமரிமுனைக்குத் தெற்கே அண்டார்க்டிகா வரை பெருநிலம் ஏதும் இல்லை. தென் அகலாங்கு 30 பாகைக்கும் அப்பால் ஆழ்ந்த தாழ்வழுத்தம் ஒன்று நகராமல் நின்று, அதன் கடுங்காற்று ஒரே திசையில் நாட்கணக்கில் வீசும்போது பல நீளமுள்ள அலைகள் கலந்து எழுகின்றன. ஆழ்நீரில் நீண்ட அலையே விரைவாகச் செல்வதால், வழியில் அவை தாமாகவே பிரிந்து, நெடியவை முன்னும் குறியவை பின்னுமாக வருகின்றன. இப்பண்புக்குப் பிரிகை என்று பெயர். முப்பட்டகத்தில் ஒளி நிறங்களாகப் பிரிவதும் இதன் வகையே. இன்னொரு நுட்பமும் உண்டு. தனி முகட்டின் வேகம் வேறு, அலைத்தொகுதி ஆற்றலைச் சுமந்து செல்லும் வேகம் வேறு. ஆழ்கடலில் தொகுதித் திசைவேகம் முகட்டு வேகத்தில் சரிபாதி. ஆகவே 18 வினாடி அலைகளின் ஆற்றல் மணிக்கு 50 கிலோமீட்டர் அளவில் நகர்ந்து, 5,000 கிலோமீட்டரைக் கடக்க நான்கு நாட்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கை விடுக்க நமக்குக் கிடைக்கும் அவகாசம் அதுவே.

அலைநீளத்தில் பாதியளவுக்கு ஆழம் குறையும்போது அலை கடலடியை உணரத் தொடங்கும். 6 வினாடிக் காற்றலைக்கு அது 28 மீட்டர் ஆழம். 18 வினாடி நெடிய அலைக்கோ 250 மீட்டர். ஆழம் குறையக் குறைய வேகம் தளர்கிறது, அலைநீளம் சுருங்குகிறது, சுமந்துவந்த ஆற்றல் நெருங்கிச் சேர்ந்து முகட்டை உயர்த்துகிறது. ஓதம் உயர்ந்திருக்கும் வேளையில் இவ்வலைகள் அடுத்தடுத்து வந்தால், முந்தைய நீர் வடிவதற்குள் பிந்தைய நீர் ஏறிவிடும்.

இதைச் சுனாமியோடு குழப்பக் கூடாது. 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலையும் மணக்குடியையும் அழித்தது கடலடி நிலநடுக்கத்தால் எழுந்த அலை. அதன் அலைவு நேரம் நிமிடக்கணக்கில் அமையும். 2017இன் ஒக்கிப் புயலின் போது கடலைக் கிளப்பியது அருகிலேயே வீசிய காற்று.

ஸ்வெல் என்பதற்கு நெட்டலை என்பது பொருந்தும் என்று கருதுகிறேன். நெட்டெழுத்து, நெட்டுயிர் என்பவற்றைப் போல நெடுமை உயிரெழுத்தின் முன் இவ்வாறே திரியும். நெடுவலை என்று எழுதினால் மீன்பிடி வலை என்றே நம் கடற்கரையில் படிப்பார்கள். அவ்வலை கரையேறிப் புகுவதைக் குறிக்கும் ஸ்வெல் சர்ஜ் என்பதைக் கள்ளக்கடல் என்றே சொல்லலாம்.

ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இத்தகைய நாட்களில் குமரிக் கரைக்கும் எச்சரிக்கை விடுக்கிறது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி இறந்ததும் அத்தகைய எச்சரிக்கைக் காலத்தில்தான். அறிவிப்புகளில் 0.5 முதல் 1.5 மீட்டர் என்பது போன்ற உயரம் மட்டும் செய்தியாகும்போது, இவ்வளவுதானா என்று கேட்பவர் எண்ணுவது இயல்பே. ஒரே உயரமுள்ள 6 வினாடி அலையைவிட 18 வினாடி அலை மும்மடங்கு ஆற்றலை ஒவ்வொரு வினாடியும் கரைக்குக் கொண்டுவருகிறது. தமிழில் வெளியாகும் எச்சரிக்கைகள் உயரத்தின் பக்கத்திலேயே அலைவு நேரத்தையும் அச்சிட வேண்டும்; 15 வினாடிக்கு மேல் என்றால் அது நெட்டலை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.