பரணில் கிடக்கும் துப்பாக்கி: விலை கேட்பதற்கு முன்

வேலூர்ப் பக்கம் பரணிலிருந்து இறங்கும் பழைய துப்பாக்கி எதுவானாலும் 1806 என்ற வருடம் அதில் தானாக ஒட்டிக்கொள்கிறது. கோட்டைக் கலகத்தில் சிப்பாய் ஏந்தியது, தாத்தாவின் தாத்தா ஒளித்துவைத்தது என்பார்கள். உரிமம் பெற்றுத் துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பதால், இந்தக் கதையை ஆற்காட்டுக்காரர்களும் குடியாத்தத்துக்காரர்களும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். கதை முடிந்ததும் கேட்பது, "என்ன விலை போகும்?" யாரும் கேட்காத கேள்விதான் முதலில் வர வேண்டியது: உள்ளே மருந்து இருக்கிறதா?

காவலுக்கோ வேட்டைக்கோ மருந்து கெட்டித்து, சுடாமலே சுவரில் மாட்டிய துப்பாக்கிகள் உண்டு. வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு ஆண்டு கழிந்தும் வெடிக்கும். பின்புறம் அடைத்த குழல் என்பதால் திறந்து பார்க்கவும் வழியில்லை. நாங்கள் கோல் ஒன்றை உள்ளே விட்டு, குழல்வாய் விளிம்பில் அடையாளமிட்டு, பிறகு அதே கோலைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்து ஒப்பிடுவோம். நிப்பிள் (குழலின் பின்முனையில் நெருப்பு உள்ளே போகும் சிறு துளைக்காம்பு) வரை எட்டாமல் சில விரற்கடை முன்பே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. அது குளவிக்கூடாகவும் இருக்கலாம். மருந்து என்றே நினைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு வேலை செய்வோம். இதை வீட்டில் முயல வேண்டாம். குழல்வாய்க்கு நேரே கையும் முகமும் வந்துவிடும். குதிரையை (சுத்தியல்போல் வந்து அடிக்கும் பாகம்) இழுத்து விசையைத் தட்டுவதும், வாய் வைத்து ஊதுவதும், எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கக் குழலைத் தணலில் காட்டுவதும் கூடவே கூடாது. கடைசியாகச் சொன்னதையும் செய்கிறார்கள்.

1806 விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை 10 அன்று கோட்டையில் எழுந்த சிப்பாய்களின் கையில் இருந்தவை சக்கிமுக்கித் துப்பாக்கிகள். குதிரையின் தாடையில் கவ்விய கல் எஃகில் உரசிப் பொறி எழுப்பும். அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தைக் கொண்டு சுடும் முறைக்கு ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித் காப்புரிமை பெற்றதே 1807இல்தான். அந்த ரசாயனம் அடைத்த சிறு உலோக மூடிதான் கேப்பு; பிரிட்டிஷ் காலாட்படைக்குக் கேப்பால் சுடும் பூட்டு (சுடும் பொறியமைப்பு) வந்தது 1840ஐ ஒட்டி. எனவே உங்கள் துப்பாக்கியில் கேப்பு மாட்டும் நிப்பிள் இருந்தால், கலகக் கதை பெரும்பாலும் அங்கேயே முடிந்தது. சக்கிமுக்கியைப் பின்னாளில் கேப்புக்கு மாற்றியவையும் உண்டு; அவற்றின் பூட்டுத் தகட்டில் பழைய திருகுத் துளைகளை அடைத்த தடம் தெரியும். கம்மவான்பேட்டை போலத் தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் ஊர்களில் முதல் உலகப்போரைச் சொல்வார்கள். அந்தப் போரின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கி பின்புறம் தோட்டா போடுவது, குழல்வாய் வழியே கெஜக்கோலால் கெட்டிப்பதல்ல.

மூன்று இரும்பு வளையங்கள் குழலையும் கட்டையையும் பிணைக்க, ஆள் மார்பளவுக்கு நீண்ட துப்பாக்கி என்றால் அது பிரிட்டிஷ் ராணுவத்தின் 1853 மாதிரி என்ஃபீல்டின் குடும்பமாக இருக்கலாம். குழல் 39 அங்குலம், எடை நாலரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, துளை 0.577 அங்குலம், உட்சுவரில் திருகாக ஓடும் மூன்று வரிப்பள்ளங்கள், அதாவது புரிகள். புரி குண்டைச் சுழலவைப்பதால் முந்நூறு கஜத்திலும் குறி நிற்கும். இதன் காகிதத் தோட்டாவில் தடவிய கொழுப்புதான் 1857இல் வடக்கே பற்றிய நெருப்புக்கு ஒரு காரணம்.

பிறகு நடந்ததுதான் எனக்குச் சுவாரசியம். கலகத்தை அடக்கியபின், இந்தியச் சிப்பாய்களில் பெரும்பாலோருக்குப் புரியுள்ள துப்பாக்கி தரக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். வெளித்தோற்றம் அதே என்ஃபீல்டு. உள்ளே புரியைக் கடைந்தெடுத்து 0.656 அங்குல வழவழப்புக் குழல். கடைந்ததில் குழலின் சுவர் மெலிந்து, புடைக்கவும் வெடிக்கவும் தொடங்கவே, 1859இல் சுவர் தடித்த மாதிரியைச் செய்தார்கள். தூரத்துக்கு ஏற்ப மாற்றிக் குறிபார்க்கும் பின்குறிச் சட்டமும் போயிற்று. நூறு கஜத்துக்கு அப்பால் அதை நம்பிச் சுட முடியாது. "புரியே இல்லை, இது போலி" என்று தரகர் சொன்னதை நம்பி முகம் வாடி வருகிறார்கள். புரி இல்லாததாலேயே அது அசலாக இருக்கக்கூடும். பூட்டுத் தகட்டில் பிரிட்டிஷ் அரசின் ஆயுத அடையாளங்களான கிரீடமும் 'டவர்' முத்திரையும் இருப்பது மட்டும் சான்றாகாது. அதைப் போலியாகப் பொறிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்த முத்திரையையும் ஆண்டையும் அழிப்பவர்கள் வீட்டுக்காரர்களே. புளி, செங்கல் தூள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவருவார்கள். கருத்த மேற்பரப்பு கெடுதல் அல்ல, அதை விட்டுவிடுங்கள். கட்டைக்கு வார்னிஷும் வேண்டாம்.

சட்டத்தில் "பழசுதானே" என்ற சமாதானம் செல்லாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு தரும் விலக்கு, பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத பழம்பொருளுக்குத்தான். நிப்பிளை மாற்றினால் சுடும் என்றால் அது துப்பாக்கியே. உரிமமின்றி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பின், பொதுவாக இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. பையில் சுருட்டி பஸ்ஸில் என் கடைக்குக் கொண்டுவருவது இன்னும் மோசம். இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, உள்ளூர்க் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்கச் சட்டமே வழி வைத்திருக்கிறது. ஒப்படைக்கும்போது முத்திரைகளைக் குறிப்பிட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது 1972 தொல்பொருள் சட்டப்படி குற்றம். இணையத்தில் டாலர் கணக்கில் பேசுபவரிடம் பதிலே வேண்டாம்.

பெரியவரின் உரிமப் புத்தகம் கிடைத்தால், வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். பழைய புத்தகம் என்றால் அதில் மாவட்டம் 'வட ஆற்காடு' என்று இருக்கும். 2019 பிரிவினைக்குப் பின் உங்கள் ஊர் வேலூரா, ராணிப்பேட்டையா, திருப்பத்தூரா என்று பார்த்து, அந்த ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள்.