காலி ஃபைலுக்குள் ஒரு டிஸ்க்

ரிச்சி தெருவில் பத்து எஸ்டி கார்டு வாங்கி வந்தோம், ஒவ்வொன்றும் 16 ஜிபி. எங்கள் ஸ்கிரிப்ட் ராத்திரி முழுக்க ஓடித் தயாரித்த இயங்குதள இமேஜும், அதாவது ஒரு முழு டிஸ்க்கின் உள்ளடக்கத்தை அப்படியே வைத்திருக்கும் ஃபைலும், 16 ஜிபி. ஒரு கார்டில்கூட அது முழுதாக ஏறவில்லை. கடைக்காரர் மேல் தப்பே இல்லை. கார்டு தயாரிப்பவர்களுக்கு 16 ஜிபி என்றால் 1,600 கோடி பைட். காலி ஃபைலை உருவாக்க நாங்கள் பயன்படுத்திய ட்ரங்கேட் கட்டளையிலோ, வெறும் 'ஜி' என்று எழுதினால் 1,024-இன் கணக்கு. 16 ஜி என்பது அங்கே சுமார் 1,718 கோடி பைட். 'ஜிபி' என்று எழுதியிருந்தால் 1,600 கோடிதான் வந்திருக்கும். 'அஞ்சரை சென்ட் ஒரு கிரவுண்டு' என்று சென்னையில் சொல்கிறோம். அளந்து பார்த்தால் 2,400 சதுர அடிக்கு நாலு சதுர அடி குறைகிறது. மனையில் அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். டிஸ்க்கில் ஒரு செக்டர், அதாவது டிஸ்க்கை எண்ணும் சின்னத் துண்டு ஒன்று, குறைந்தாலும் ஏறாது.

மனை என்று சொன்னதும் லேஅவுட் வரைபடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தரை பொட்டலாகத்தான் இருக்கும். எந்த மனை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தாளில் மட்டும் இருக்கும். டிஸ்க்கைப் பிரித்த பகுதிகளுக்குப் பார்ட்டிஷன் என்று பெயர். அவற்றைப் பட்டியலிடும் பார்ட்டிஷன் டேபிளும் அப்படித்தான். ஒவ்வொரு பார்ட்டிஷனும் எத்தனையாவது செக்டரில் தொடங்குகிறது, எதில் முடிகிறது, என்ன வகை என்ற எண்களே அதில் இருக்கின்றன. ஃபைல்களை அடுக்கிவைக்கும் அமைப்பான ஃபைல் சிஸ்டம் போடுவது அதன்பின் வீடு கட்டுகிற வேலை.

ஒரே ஒரு லேப்டாப்பில் லினக்ஸ் போடுபவர், பார்ட்டிஷன் பிரிக்கும் எஃப்டிஸ்க் கட்டளை கேட்கும் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் தட்டலாம். இமேஜ் தயாரிக்கும் சர்வரில் பதில் சொல்ல ஆள் கிடையாது. அதற்காகவே எஸ்எஃப்டிஸ்க் இருக்கிறது. 'ஜிபிடி என்ற புதுவகை பார்ட்டிஷன் டேபிள். முதலில் 512 எம்பிக்கு பூட் பார்ட்டிஷன். மிச்சமெல்லாம் லினக்ஸுக்கு' என்று மூன்று வரி எழுதிக் கொடுத்தால் போதும், கேள்வி கேட்காமல் போட்டுவிடும். ஏற்கெனவே இருக்கும் டிஸ்க்கின் அமைப்பை இதே வடிவத்தில் எழுதி வாங்கவும் முடியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, நிஜமான டிஸ்க்கே தேவையில்லை என்பதுதான். ட்ரங்கேட் உருவாக்கும் 4 ஜிபி ஃபைல், உள்ளே எதுவும் எழுதாதவரை நம் டிஸ்க்கில் கிட்டத்தட்ட இடமே பிடிக்காது. எஸ்எஃப்டிஸ்க் அந்த ஃபைலையே டிஸ்க்காக எடுத்துக்கொள்ளும். தவறான டிஸ்க்கின் பெயரைக் கொடுத்து யாருடைய டேட்டாவையோ அழித்துவிடும் ஆபத்தும் இந்தக் கட்டத்தில் இல்லை.

முதல் பார்ட்டிஷன் வழக்கமாக 2,048-ஆவது செக்டரில் தொடங்கும். செக்டருக்கு 512 பைட் என்றால் அது சரியாக 1,024 கிலோபைட். இன்றைய டிஸ்க்குகள் பல உள்ளுக்குள் 4,096 பைட் துண்டுகளாகத்தான் எழுதுகின்றன. தொடக்கம் அந்தத் துண்டின் நடுவில் விழுந்தால் ஒரு துண்டோடு முடியவேண்டிய எழுத்து இரண்டு துண்டுகளைத் தொடும், வேகம் குறையும். 1983-இல் பிசி டாஸ் 2.0-உடன் வந்த பழைய எம்பிஆர் டேபிள் முதல் செக்டருக்குள்ளேயே 64 பைட்டில் அடங்கும். நான்கு பார்ட்டிஷனுக்குத்தான் இடம். ஜிபிடியில் பொதுவாக 128. அதோடு, ஜிபிடி தன் நகல் ஒன்றை டிஸ்க்கின் கடைசியிலும் வைக்கிறது. இந்த நகலைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அடுத்து லூப் டிவைஸ். ஃபைலை நிஜ டிஸ்க் போல, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குக் காட்டும் வழி இது. இதை அமைக்கும் லோசெட்டப் கட்டளையில் பார்ட்டிஷன்களையும் தேடச் சொன்னால், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் தோன்றும். அந்தப் பெயர்கள் தோன்ற ஒரு கணம் ஆகலாம். ஸ்கிரிப்ட் அதற்குள் அடுத்த வரிக்குப் போய் ஃபைல் சிஸ்டம் போடப் பார்த்தால், 'அப்படி ஒன்று இல்லை' என்று விழுந்துவிடும். பத்து முறை ஓடினால் ஒன்பது முறை சரியாக வரும். அந்த ஒரு முறையைத் தேடித்தான் நாட்கள் போகும். இரண்டு விநாடி தூங்கச் சொல்லி இதை மூடி மறைப்பதை நான் ஏற்கமாட்டேன். வேலை முடிந்ததா என்று கேட்டுக் காத்திருக்க யூடெவ்அட்ம் செட்டில் என்ற கட்டளையே இருக்கிறது.

சரி, அந்தக் கடைசி நகலுக்கு வருவோம். இப்போது நாங்கள் 4 ஜிபி இமேஜ்தான் தயாரிக்கிறோம். அதை 16 ஜிபி கார்டில் எழுதினால் ஜிபிடியின் நகல் கார்டின் நடுவில் நின்றுவிடும், அதற்குப் பின்னால் உள்ள இடமும் யாருக்கும் தெரியாது. அதனால்தான் லினக்ஸ் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை எப்போதும் கடைசியில் வைக்கிறோம். கார்டைச் செருகிய போர்டு, அதாவது சின்னக் கணினி, முதல்முறை பூட் ஆகும்போது ஒரு சின்ன ஸ்கிரிப்ட் நகலைக் கார்டின் உண்மையான கடைசிக்கு நகர்த்துகிறது, ரூட்டின் முடிவு எண்ணைத் திருத்துகிறது, பிறகு இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தை நீட்டுகிறது. சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை நீட்டலாம். கார்டு 16 ஜிபியா 32 ஜிபியா என்று இமேஜ் தயாரிக்கும்போது இப்போது நாங்கள் கேட்பதில்லை.