முன் பிரேக் இல்லாத ஃபிக்ஸட் கியர் சைக்கிள்: பட்டறையிலிருந்து ஓர் எச்சரிக்கை

பழைய சைக்கிள் ஃபிரேம் ஒன்றைத் தேடிப் பிடித்து வந்து, அதைச் சுரண்டி வண்ணம் பூசி, கியர்களைக் கழற்றிவிட்டு ஒரே பல்சக்கரத்துடன் ஓடும் வண்டியாக மாற்றித் தரும்படி கேட்கும் இளைஞர்கள் எங்கள் பட்டறைக்கு அடிக்கடி வருகிறார்கள். தன் கையால் ஒரு வண்டியைப் பூட்டி ஓட்ட வேண்டும் என்ற அந்த ஆசை எனக்கு மிகவும் பிடித்தமானது. அதை நான் எப்போதும் ஊக்குவிக்கிறேன். ஆனால் அவர்களில் பலர் கைப்பேசியில் பார்த்த காணொளிகளைக் காட்டி, "பிரேக் எதுவும் வேண்டாம் அண்ணா, ஹேண்டில் பாரில் ஒரு கம்பி கூடத் தெரியக் கூடாது" என்று சொல்லும்போது வேலையை அங்கேயே நிறுத்திவிட்டுப் பேச வேண்டியதாகிறது. அப்படிப் பேசுவதையெல்லாம் முறையாக எழுதி வைத்தால் பட்டறைக்கு வராமல் வீட்டிலேயே வண்டி பூட்டுகிறவர்களுக்கும் பயன்படும் என்பதால் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஒற்றைவேகச் சைக்கிள் நமக்குப் புதியதன்று. பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய இருபத்தெட்டு அங்குல வண்டி, அரசுப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு வழங்கப்படும் விலையில்லா மிதிவண்டி ஆகிய எல்லாமே ஒற்றைவேக வண்டிகள்தாம். இவற்றின் பின்சக்கரத்தில் ஃபிரீவீல் இருக்கிறது. அதன் உள்ளிருக்கும் சிறு நாக்குகள் முன்னோக்கி மிதிக்கும்போது பற்றிக்கொள்கின்றன, மிதிப்பதை நிறுத்தினால் விட்டுக்கொடுக்கின்றன. அதனால்தான் இறக்கத்தில் காலை அசைக்காமல் வண்டியை உருளவிட முடிகிறது. ஃபிக்ஸட் கியர் வண்டியில் இந்த ஃபிரீவீல் கிடையாது. பல்சக்கரம் பின்சக்கரத்தின் ஹப்போடு (சக்கரத்தின் நடுவிலுள்ள உருளையோடு) இறுகப் பூட்டப்பட்டிருப்பதால், சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் வண்டி வேகம் குறையும். ஓட்டுபவரின் காலும் சாலையும் நேரடியாகப் பிணைக்கப்பட்ட அந்த உணர்வை அனுபவித்தவர்கள் எளிதில் விடமாட்டார்கள். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தோன்றும் இந்த இரு வண்டிகளும் பூட்டும் முறையிலும் ஆபத்திலும் முற்றிலும் வேறானவை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

பெடலைப் பின்னோக்கி அழுத்தியே நிறுத்திவிடலாம் என்றால் பிரேக் எதற்கு என்று கேட்பார்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடையும் ஓட்டுபவரின் எடையும் முன்னோக்கிச் சாய்கின்றன. முன்சக்கரம் சாலையை அழுத்திப் பிடிக்கிறது, பின்சக்கரத்தின் பிடிமானமோ குறைந்துகொண்டே போகிறது. ஆகவே பின்சக்கரத்தை எவ்வளவு வலுவாகத் தடுத்தாலும், ஓர் எல்லைக்குப் பிறகு அது சறுக்கத்தான் செய்யுமே தவிர வண்டியை மேலும் விரைவாக நிறுத்தாது. உலர்ந்த தார்ச்சாலையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, நல்ல முன் பிரேக் இருந்தால் பிடித்ததிலிருந்து சுமார் 5 மீட்டரில் நிற்கும். பின்சக்கரத்தை மட்டும் நம்பினால் அதற்குத் தோராயமாக இரு மடங்கு தூரம் தேவைப்படும். ஆட்டோ திடீரென்று இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும் நம் சாலைகளில், அந்த ஐந்து மீட்டர் வேறுபாடு எலும்பு முறிவதற்கும் முறியாமல் தப்புவதற்கும் இடையிலான தூரம். சறுக்கி நிறுத்துவது திறமை என்று நினைக்கும் இளைஞர்களிடம், சறுக்கும் சக்கரத்தால் திசையைக் கட்டுப்படுத்த முடியாது என்பதையும் மறக்காமல் சொல்கிறேன்.

2016 பிப்ரவரியில் லண்டனின் ஓல்ட் ஸ்ட்ரீட் பகுதியில் இப்படி முன் பிரேக் இல்லாத ஃபிக்ஸட் கியர் வண்டியை ஓட்டி வந்த 18 வயது இளைஞர், சாலையைக் கடந்த ஒரு பெண்மணி மீது மோதினார். இரு குழந்தைகளின் தாயான அவர் தலைக்காயத்தால் சில நாட்களில் உயிரிழந்தார். மறு ஆண்டு நடந்த வழக்கில், 1861-ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு ஒன்றின்கீழ் அந்த இளைஞருக்கு 18 மாதத் தண்டனை விதிக்கப்பட்டது. பிரிட்டனின் விதிப்படி சாலையில் ஓடும் சைக்கிளுக்கு ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக் அமைப்புகள் வேண்டும். ஃபிக்ஸட் கியர் என்பதே பின்சக்கரத்துக்கான பிரேக்காக ஏற்கப்படுகிறது, ஆனால் முன் பிரேக் கட்டாயம். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் கூட, சாலை விதிகள் பிரேக் இல்லாத வண்டியை அனுமதிப்பதில்லை. பந்தயத் தளத்தில் ஓடும் வண்டிகளுக்குப் பிரேக் இல்லையே என்ற வாதமும் வரும். ஜப்பானில் 1948-இல் தொடங்கி, 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இடம்பெற்ற கெய்ரின் பந்தயத்தில் வண்டிகளுக்குப் பிரேக் இல்லை என்பது உண்மைதான். அங்கே எல்லோரும் ஒரே திசையில் ஓட்டுகிறார்கள், குறுக்கே நடப்பவர் எவரும் இல்லை, ஒருவர் திடீரென்று நிறுத்தினால் பின்னால் வருபவர்கள் விழுவார்கள் என்பதற்காகவே பிரேக் தவிர்க்கப்படுகிறது. அண்ணா சாலைக்கு அந்த நியாயம் எந்த வகையிலும் பொருந்தாது.

இனி, நான் பார்த்த வண்டிகளில் மிகவும் அஞ்சத்தக்க கோளாறுக்கு வருகிறேன். முறையான ஃபிக்ஸட் ஹப்பில் இரண்டு அடுக்கு மரை உண்டு. பல்சக்கரம் ஏறும் மரை 1.37 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 சுற்றும் கொண்ட வலமரை, அதாவது வலப்பக்கம் திருகினால் இறுகும் மரை. அதற்கு வெளியே சற்றே சிறிய, 1.29 அங்குல விட்டமுள்ள இடமரையில் லாக்ரிங் என்னும் பூட்டு வளையம் ஏறுகிறது. முன்னோக்கி மிதித்தால் பல்சக்கரம் மேலும் இறுகும். பின்னோக்கி அழுத்தினால் அது கழலப் பார்க்கும். அப்போது எதிர்த்திசை மரையில் ஏறியிருக்கும் லாக்ரிங் அதனோடு சேர்ந்து திரும்ப முயன்று, தானே இறுகி, பல்சக்கரத்தைக் கழலவிடாமல் தடுக்கிறது. மிக எளிமையான, மிகச் சிறந்த ஏற்பாடு இது. சிக்கல் எங்கே எழுகிறது என்றால், சாதாரண ஃபிரீவீல் ஹப்பின் மரையும் அதே 1.37 அங்குல மரைதான். எனவே ஃபிரீவீலைக் கழற்றிவிட்டு, நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஃபிக்ஸட் பல்சக்கரத்தை அதே ஹப்பில் திருகிவிட முடிகிறது. முன்னோக்கி மிதித்துப் பார்த்தால் வண்டி அழகாக ஓடவும் செய்கிறது. இடமரையும் லாக்ரிங்கும் அதில் இல்லை என்பது அவசரமாக நிறுத்தப் பெடலைப் பின்னோக்கி அழுத்தும் கணத்தில்தான் தெரியவரும். பல்சக்கரம் ஹப்பிலிருந்து கழன்று சுற்றும், கால் வெறும் காற்றை மிதிப்பது போலாகும், செயின் தளர்ந்து ஃபிரேமுக்கும் பல்சக்கரத்துக்கும் இடையில் சிக்கினால் பின்சக்கரமே பூட்டிக்கொள்ளும்.

சிலர், பெடல் கைகளின் நடு அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட் கப்பின் வளையத்தை அந்த மரையிலேயே திருகி, லாக்ரிங் போலப் பயன்படுத்துகிறார்கள். அதுவும் வலமரை வளையமே என்பதால், பல்சக்கரம் கழலும் திசையிலேயே அதுவும் கழலும். இன்னும் சிலர் மரையில் பசை ஊற்றுகிறார்கள், வெல்டு வைத்தும் விடுகிறார்கள். இவற்றில் எதையும் உயிரை ஒப்படைக்கத்தக்க பூட்டாக நான் ஏற்பதில்லை. வெல்டு வைத்த ஹப்பில் உலோகத்தின் வலிமை குலைகிறது, தேய்ந்த பல்சக்கரத்தை மாற்றவும் வழியில்லை. பணம் போதவில்லை என்றால் ஃபிரேமிலோ வண்ணத்திலோ சிக்கனம் செய்யுங்கள். முறையான ஹப்பையும் லாக்ரிங்கையும் வாங்குவதில் சிக்கனம் வேண்டாம். ஒருபுறம் ஃபிக்ஸட், மறுபுறம் ஃபிரீவீல் என இருபுறமும் மரையுள்ள ஃபிளிப்ஃபிளாப் ஹப் கிடைத்தால் இன்னும் நல்லது. சக்கரத்தைத் திருப்பிப் பூட்டி வேறு பல்சக்கரத்துக்கு மாறுவது பழைய வழக்கம்; ஓடும்போதே செயினை வேறு பல்சக்கரத்துக்கு மாற்றும் டெரெய்லர் கியரை 1937 வரை அனுமதிக்காத டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி அதைத்தான் செய்தார்கள்.

ஹப்புக்கு அடுத்தது ஃபிரேம். பின் அச்சு உட்காரும் பள்ளம் நீள்வாட்டில் வெட்டப்பட்டிருந்தால்தான் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துச் செயினை முறுக்க முடியும். செங்குத்துப் பள்ளமுள்ள நவீன ஃபிரேமை ஃபிக்ஸட் வண்டிக்கு எடுக்க வேண்டாம். ஒற்றைவேக வண்டியில் செயினை விறைப்பாக வைக்கப் பொருத்தும் ஸ்பிரிங் டென்ஷனர் இங்கே உதவாது, ஏனெனில் பின்னோக்கி அழுத்தும்போது கீழ்ப்பக்கச் செயின் விறைத்து டென்ஷனரின் கையை வளைத்து உடைத்துவிடும். நம்முடைய பழைய இருபத்தெட்டு அங்குல வண்டியின் ஃபிரேம் உறுதியானது, பள்ளமும் பொருத்தமானது, ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். அதன் கிராங்க்கை (பெடலைத் தாங்கும் கையை) அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின் என்னும் ஆப்பு, முன்னும் பின்னும் மாறி மாறி வரும் அழுத்தத்தில் தளர்ந்து ஆட்டம் கொடுக்கத் தொடங்கும். சதுர அச்சுள்ள கிராங்க் செட்டுக்கு மாற்றிவிடுவதே நல்லது. மற்றொன்று, அதன் இரும்பு ரிம்மும் கம்பி பிரேக்கும். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்குவதை நம் ஊரில் அறியாதவர் இல்லை. அலுமினிய ரிம்முக்கு மாற்றும்போது, 635 மி.மீ. விட்டத்துக்கு உரிய ஃபிரேமில் 622 மி.மீ. ரிம் அமர்வதால், பிரேக் கட்டை ஆறரை மி.மீ. கூடுதலாகக் கீழே எட்ட வேண்டும். அதற்கேற்ற நீளமான காலிப்பரை, அதாவது பிரேக் கட்டைகளைப் பிடித்திருக்கும் கவ்வியை, தேட வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் தலையில் பிரேக் துளையே இல்லாவிட்டால் ஃபோர்க்கை மாற்ற வேண்டும்.

செயின் நேராக ஓட வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள், அளந்து பார்ப்பவர்கள் குறைவு. ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து முன் பல்சக்கரத்தின் பல் வரையுள்ள தூரமும் பின் பல்சக்கரத்தின் பல் வரையுள்ள தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும்; டிராக் (பந்தயத் தள) ஹப்புகளில் இது வழக்கமாக 42 மி.மீ. அளவில் இருக்கும். ஒரு மி.மீ. முன்பின் இருந்தால் சத்தம் வரும், அதற்கு மேல் போனால் செயின் கழலும் வாய்ப்பு கூடும். ஃபிரீவீல் வண்டியில் செயின் கழன்றால் கையில் கரிபட்டுக்கொண்டு மாட்டிவிட்டுப் போகலாம், ஃபிக்ஸட் வண்டியில் அது சக்கரத்தைப் பூட்டி ஆளையே தூக்கி எறியக்கூடும். முறுக்கத்தைப் பார்க்கச் செயினின் நடுப்பகுதியை மேலும் கீழும் அசைத்தால் சுமார் 10 முதல் 15 மி.மீ. வரை அசைவு இருக்க வேண்டும். முன் பல்சக்கரம் முழு வட்டமாக அமைவது அரிது. ஆகவே கிராங்க்கை மெதுவாகச் சுற்றி, மிக விறைப்பான இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் செயின் இறுகிப் போகாதபடி வைத்தே அச்சின் நட்டை முறுக்க வேண்டும். அதிகம் விறைத்த செயின் அச்சின் கோன்களையும் பேரிங் குண்டுகளையும் தின்றுவிடும்.

பல் எண்ணிக்கையைத் தேர்வதில் பலர் வேகத்தை மட்டுமே நினைக்கிறார்கள். முன்னே 46, பின்னே 17 பல் என்றால் ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 5.7 மீட்டர் செல்லும்; நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்குச் சுமார் 31 கிலோமீட்டர். சென்னை போன்ற சமதள ஊருக்கு இது போதும், முட்டி பலவீனமானவர்கள் பின்னே 18 வைத்துக்கொள்ளலாம். 48-க்கு 16 என்று கேட்பவர்களை நான் தடுக்கிறேன். அது கனமான கியர் என்பதால், நிறுத்தும்போது முட்டி தாங்க வேண்டிய சுமை கூடுகிறது. மேலும் 48-ஐ 16 மீதமின்றி வகுப்பதால், பெடல் ஒரே நிலையில் இருக்கும்போது சக்கரமும் எப்போதும் ஒரே நிலையில்தான் நிற்கும். பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கும் (ஸ்கிட் அடிக்கும்) ஒவ்வொரு முறையும் டயரின் அதே இடம் தேயும். 46-க்கு 17 என்றால் தேய்மானம் 17 இடங்களுக்குப் பகிர்ந்து போகும்.

ஓட்டக் கற்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது, உடம்பு பழகிய ஒன்றை மறக்க வேண்டும் என்பதே. வேகத்தடையைக் கண்டதும் காலை நிறுத்தி உடம்பைத் தூக்குவது நமக்கு இயல்பாகிவிட்டது. ஃபிக்ஸட் வண்டியில் அப்படி நிறுத்தினால் பெடல் காலைத் தூக்கி எறியும். வாகனம் இல்லாத இடத்தில், முன் பிரேக்கில் விரல் வைத்தபடி, முதல் சில வாரங்கள் பொறுமையாகப் பழக வேண்டும். வளைவில் வண்டியைச் சாய்க்கும்போதும் பெடல் சுற்றிக்கொண்டிருப்பதால் அது தரையில் தட்டும்; அதற்காகவே டிராக் வண்டிகளில் 165 மி.மீ. போன்ற குறுகிய கிராங்க் வைக்கிறார்கள். மலைச்சாலை இன்னும் கடுமையானது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் 46-க்கு 17 பல்லுடன் மணிக்கு 45 கிலோமீட்டரைத் தொட்டால், கால்கள் நிமிடத்துக்கு 130 முறைக்கு மேல் சுற்ற வேண்டும். கொண்டை ஊசி வளைவுக்கு முன் அதைக் கால்களால் மட்டும் அடக்க நினைப்பது தற்கொலைக்கு ஒப்பானது. மலைக்குப் போகிறவர்கள் சக்கரத்தைத் திருப்பி ஃபிரீவீல் பக்கம் பூட்டிக்கொண்டு, முன்பின் இரு பிரேக்குகளுடன் போகட்டும்.

உள்ளதைச் சொல்வதானால், ஃபிக்ஸட் கேட்டு வருபவர்களில் பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது ஒரு நல்ல ஒற்றைவேக ஃபிரீவீல் வண்டிதான். அந்த எளிமையும் அமைதியும் அதிலும் உண்டு, உப்புக்காற்றில் துருப்பிடிக்கக் கியர்களும் இல்லை. வேலைக்குப் போய்வரும் பாதையில் அதுவே போதும் என்று அவர்களிடம் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக, சாலையில் அல்லாமல் வீட்டில் நேரும் விபத்தைப் பற்றி. ஃபிக்ஸட் வண்டியைத் தலைகீழாக வைத்துப் பின்சக்கரத்தைச் சுழலவிட்டு, துணியைச் செயினில் பிடித்துத் துடைப்பது விரலை இழப்பதற்கான நேர்வழி. துணி பல்லில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும், ஃபிரீவீல் இல்லாததால் சுழலும் சக்கரத்தின் முழு விசையும் விரலின் மீது இறங்கும். செயினைத் துடைக்கும்போது சக்கரம் நின்றிருக்க வேண்டும். துடைத்த பிறகு கையை எடுத்துவிட்டுச் சற்றே நகர்த்தி, மீண்டும் நிறுத்தித் துடைக்க வேண்டும். ஷூ லேஸையும் பேண்ட்டின் கால் பகுதியையும் கட்டிக்கொள்ள வேண்டும், துப்பட்டாவும் வேட்டியும் இந்த வண்டிக்கு ஆகாது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் வண்டியை நிறுத்தி வைக்கும்போது பின்சக்கரத்தை ஒரு வெல்க்ரோ பட்டையால் ஃபிரேமோடு கட்டி வைத்துவிட்டால், எட்டிப் பிடிக்கும் கை பெடலைச் சுழற்றாது.