டாரட் சீட்டுக்கட்டுக்கு ஒரு செயலி: நிரல் எழுதுமுன் தீர்க்க வேண்டியவை

டாரட் என்பது குறி பார்க்கப் பயன்படும் 78 படச்சீட்டுகள் கொண்ட கட்டு. சொந்தமாக அப்படியொரு சீட்டுக்கட்டை அச்சிட்டு விற்பவர்கள் பலர், "78 படந்தானே, சின்னதாக ஒரு செயலி செய்து தாருங்கள்" என்று கேட்கிறார்கள். செயலி சின்னதுதான். வில்லங்கம் படங்களின் உரிமையிலும் செயலிக் கடைகளின் விதிகளிலும் இருக்கிறது.

ஓவியருக்குக் காசு கொடுத்து வரையச் சொன்னால் படம் நம்முடையதாகிவிடும் என்ற நம்பிக்கை தவறு. சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் சுயேச்சையாக வரைந்து தரும் ஓவியரே உரிமையாளர். அச்சுக்கு மட்டும் அனுமதி வாங்கியிருந்தால் அது செயலிக்குச் செல்லாது. ஒப்பந்தத்தில் மின்வடிவத்தையும் சேர்த்து எழுதி, கையொப்பம் வாங்குங்கள். ஓவியர் பெயரைச் செயலியில் போடுவதும் சட்டக் கடமை, மரியாதைக்காக மட்டுமல்ல. 1909இல் லண்டனில் வெளியான புகழ்பெற்ற கட்டை வரைந்த பமேலா கோல்மன் ஸ்மித் 1951இல் காலமானார். வாழ்நாளும் 70 ஆண்டும் என்ற கணக்கில் அந்தப் படங்களின் உரிமைக்காலம் 2021 முடிவோடு தீர்ந்தது. ஆனால் பின்னாளில் நிறம் மாற்றி வந்த பதிப்புகள் வேறு கதை; அவற்றுக்குத் தனி உரிமை இருக்கலாம். கடையில் வாங்கிய கட்டை ஸ்கேன் செய்து பயன்படுத்த வேண்டாம்.

அடுத்தது ஆப்பிள். குறி சொல்லும் செயலிகள் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன, தனித்தன்மையும் தரமும் இல்லாவிட்டால் நிராகரிப்போம் என்று அதன் விதிகளிலேயே எழுதியிருக்கிறது. "ஒரு சீட்டு எடு, பலன் படி" என்பது மட்டும் போதாது. உங்கள் கட்டுக்கே உரிய வழிகாட்டிநூல், ஓவியக் குறிப்புகள், பயனர் எழுதிவைக்கும் நாட்குறிப்பு ஆகியவற்றை முன்னிறுத்துங்கள். பெட்டிக்குள் கியூஆர் குறியீடு வைத்து, அதை ஸ்கேன் செய்தால் கட்டணப் பகுதி திறக்கும் என்ற யோசனை எல்லாருக்கும் வருகிறது; அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மின் உள்ளடக்கத்தை அப்படித் திறந்துவிட ஆப்பிள் பொதுவாக அனுமதிப்பதில்லை. வழிகாட்டியை இலவசமாகவே கொடுப்பது எளிது. அச்சிட்ட கட்டை விற்பதற்கு இந்தத் தடை கிடையாது, சிங்கப்பூரின் மின்பணப் பரிமாற்றச் சேவையான பேநௌவில் பணம் வாங்கலாம்.

படங்களை அச்சகத்துக் கோப்பிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். அச்சு மைக்கான சிஎம்ஒய்கே நிறங்கள் திரையில் வெளிறியோ திரிந்தோ தெரியும்; திரைக்கான எஸ்ஆர்ஜிபி நிறமுறைக்கு மாற்றி, வெட்டுக்காக விட்ட ஓரத்தை நீக்குங்கள். 1080 பிக்சல் அகலம் போதும். ஆனால் 1080க்கு 1850 என்ற ஒரு படம் நினைவகத்தில் விரியும்போது சுமார் 8 எம்பி பிடிக்கும். 78 படத்தையும் ஒரே திரையில் முழு அளவில் ஏற்றினால் 600 எம்பிக்கு மேல் போய், பழைய கைப்பேசிகளில் செயலி மூடிக்கொள்ளும். பட்டியலுக்குச் சிறுபடங்கள் தனியாக வேண்டும்.

சீட்டு எடுப்பதில் வரும் பிழை அதைவிட மோசம், ஏனென்றால் சோதனையில் கண்ணில் படாமல் போய்விடலாம். ஒவ்வொரு முறையும் 1 முதல் 78 வரை ஓர் எண்ணைத் தற்செயலாக எடுத்தால், மூன்று சீட்டுகளை வரிசையாக வைத்துப் பலன் பார்க்கும் விரிப்பில் ஒரே சீட்டு இருமுறை வரும் வாய்ப்பு ஏறக்குறைய 4 விழுக்காடு. பத்துச் சீட்டு விரிப்பிலோ 45 விழுக்காடு! முழுக்கட்டையும் ஃபிஷர்–யேட்ஸ் என்ற சீராகக் கலைக்கும் முறையில் கலைத்து, மேலிருந்து எடுக்க வேண்டும். சீட்டு தலைகீழாக வந்தால் வேறு பலன் உண்டென்றால் 156 உரைகள் தேவை. "இன்றைய சீட்டு" உலகப் பொதுநேரத்தைப் பார்த்து மாறினால், சிங்கப்பூரில் அது காலை 8 மணிக்குத்தான் மாறும்.

சீட்டின் பெயரைப் படத்திற்குள் எழுதிவிட்டால் தமிழ், ஆங்கிலம் என்று மாற்ற முடியாது. பொத்தான்களை ஆங்கிலச் சொல்லின் அகலத்துக்கு அமைத்தால் தமிழ்ச் சொல் வெட்டுப்படும்.

லிட்டில் இந்தியாவில் கடை போட்டு வெளியிட நாள் குறிக்கும்முன் செயலிக் கடைகளில் உருவாக்குநர் கணக்குகளைத் திறந்துவிடுங்கள். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர், கூகலுக்கு ஒருமுறை 25. கூகலில் புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குவோர் 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதனை நடத்திய பிறகே பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். நிறுவனக் கணக்குக்கு அந்தக் காத்திருப்பு இல்லை, ஆனால் நிறுவனங்களை அடையாளம் காட்டும் டன்ஸ் (D-U-N-S) எண் வேண்டும்.